மூணாம் சிலிண்டர்

வேலஞ்சந்தை காய்கறி மார்க்கெட்டில் ஏலத்துக்கு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் கிடையாது, மணி கிடையாது, துண்டுக்குள் விரல் பிடிக்கிற ரகசியமும் கிடையாது; ஏலக்காரர் மேடையில் ஏறி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விலை சொல்ல ஆரம்பிப்பார், அந்த ஒரே மூச்சுக்குள் வியாபாரிகள் கையைத் தூக்கித் தூக்கி விலையை ஏற்றுவார்கள், மூச்சு தீர்ந்து அவர் வாய் மூடும்போது கடைசியாக எவர் கை மேலே நிற்கிறதோ அவருக்குக் குவியல், அவ்வளவுதான் சட்டம். இதை யார் போட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், மழையை யார் பெய்யச் சொன்னது என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஆகையால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மழையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் ஏலக்காரரின் நெஞ்சைப் பற்றி விசாரித்தார்கள், அவருக்குச் சளி பிடித்தால் வெண்டைக்காயைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவைத்தார்கள், அவர் வீட்டுக்குத் திப்பிலியும் தேனும் கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் நின்று உள்ளே இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார்கள்.

அந்த ஏலக்காரர் ஏகாம்பரத்துக்கு நெஞ்சு போய்க்கொண்டிருந்தது. வாலிபத்தில் மிளகாய் வத்தல் குடோனில் மூட்டை அடுக்கியபோது உள்ளே போன தூசி ஐம்பது வயதுக்கு மேல் கணக்குத் தீர்க்க வந்தது. மூச்சை இழுத்து, "சவ்சவ்வு, மேல்காட்டுச் சவ்சவ்வு, கேளு..." என்று தொடங்குவதற்குள் தீர்ந்துவிடும், ஒருவர் கை பாதியில் இருக்கும், குவியல் முடிந்திருக்கும். சங்கத் தலைவர் ரத்தினசபாபதி, பள்ளிக்கூடத்து மணி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா என்று சிலரிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரத்தின் மனைவி தவமணி பிக்கப் ஓட்டினாள். பழைய வண்டி, வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், கண்ணால் பார்த்தால் என்ன நிறமென்று சொல்ல முடியாது. தேன்பாறை மலையின் உச்சியில் இருக்கிற வெள்ளைப்பாறைக்கு அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போய், பூண்டும் பீன்ஸும் ஏற்றி வருவாள். அது ரோடே இல்லை என்பது மற்ற டிரைவர்களின் கட்சி. தவமணிக்கு அந்த ஏற்றம்தான் உயிர். கீழே இருக்கும்போது யாராவது அவளை எதற்காவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் வளைவில் கியரை மாற்றியதும் உலகத்தில் அவளைக் கூப்பிட ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் வண்டிக்கு இழுவை போனது. காலையில் செல்ஃப் அடித்தால் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் வேண்டா வெறுப்பாக எடுத்தது, எடுத்ததும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உடம்பெல்லாம் ஆடியது, மலையில் கழுதை திரும்பின வளைவு என்று பேர் பெற்ற செங்குத்தான இடத்தில் தானும் ஒரு கழுதையாக நின்றுவிட்டது. தவமணி அரிசி மூட்டைகளை அங்கேயே இறக்கி, மேலே இருந்து ஆள் வரவழைத்துச் சுமக்கவிட்டு, ரிவர்ஸில் இறங்கி வந்தாள். அதே ஐப்பசியில் ஏகாம்பரத்துக்கு மூச்சு வந்தது. அவளுடைய வண்டியின் நோயும் அவருடைய நெஞ்சின் குணமும் ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளவில்லை.

மூச்சு வந்தது என்றால் சும்மா வரவில்லை. தவமணி மார்க்கெட் கேட்டில் வண்டியை நிறுத்தி, அணைத்தால் திரும்ப எடுக்காது என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டிருந்த ஒரு காலையில், ஏகாம்பரம் ஒரு தக்காளிக் குவியலுக்கு வாய் திறந்தார், திறந்த வாய் மூடவே இல்லை. விலை ஏறியது, தக்காளி ஆப்பிளைத் தாண்டியது, முந்திரியைத் தாண்டியது, ஏலக்காய்க்குப் பக்கத்தில் போய் மூச்சு வாங்கியது, ஏகாம்பரம் மட்டும் மூச்சு வாங்கவில்லை. கையை இறக்கினால் மானம் போய்விடும் என்று பஷீர் ராவுத்தரும் இன்னொரு மண்டிக்காரரும் தூக்கிய கையோடு நின்றார்கள்; ராவுத்தரின் வேலையாள் அவர் முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றான். வெயில் ஏறி, அடித்தட்டுத் தக்காளி கசிந்து, ஈ வந்து உட்கார்ந்த பிறகு, டீசல் வீணாகிறதே என்று தவமணி சாவியைத் திருப்பினாள். ஏகாம்பரத்தின் வாய் மூடியது. குவியல் ராவுத்தருக்கு விழுந்தது.

"அல்லா, முடிஞ்சுதா!" என்று ராவுத்தர் கையை இறக்கினார். விலையைப் பற்றி மறுநாள்தான் அழுதார்.

மெக்கானிக் சாலமன் ஷெட் மார்க்கெட்டின் பின்சுவரை ஒட்டி இருந்தது. தவமணி வண்டியை அங்கே விட்டாள். சாலமன் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தான், டீசல் ஃபில்டரைப் பார்த்தான், பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பாக நட்டைத் தளர்த்திக் காது கொடுத்தான். ஒன்றாவதைத் தளர்த்தினால் எஞ்சின் குலுங்கியது, இரண்டாவதும் அப்படியே, நாலாவதும் அப்படியே. மூணாவதைத் தளர்த்தினால், தளர்த்தாத மாதிரியே ஓடியது.

"மூணு செத்துக் கெடக்குக்கா. கம்ப்ரஷன் இல்ல, உள்ள காத்தே நிக்கல."

எஞ்சினை அணைத்து, மூணாம் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் காட்டுகிற கேஜைத் திருகினான். "செல்ஃப் அடிங்க." தவமணி சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கிறுகிறுவென்று சுற்றியது, கேஜின் முள் படுத்த இடத்திலிருந்து எழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏகாம்பரத்தின் குரல், "கத்-த-ரிக்-கா, கத்-த-ரிக்-கா" என்று செல்ஃப் மோட்டாரின் தாளத்தில் துண்டு துண்டாக வந்தது. தவமணி சாவியை விட்டாள். குரலும் விட்டது.

சாலமன் சுவரைப் பார்த்தான். தவமணியைப் பார்த்தான். ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டான்.

"ரிங் தேஞ்சிருந்தா கொஞ்சம் ஆயில் ஊத்தினா முள்ளு ஏறும்" என்று, ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லி, மூணாம் துளைக்குள் ஒரு சங்கு அளவு எஞ்சின் ஆயில் ஊற்றினான். செல்ஃப் அடித்தார்கள். முள் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் கரகரத்த குரல் திடீரென்று வழுக்கிக்கொண்டு, கல்யாண வீட்டு மைக்கில் அறிவிக்கிற இளவட்டத்தின் குரலாக மாறி, கத்தரிக்காயை வர்ணிக்கத் தொடங்கியது. பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கடைசியாகச் சாலமன் பஞ்சருக்கு வைத்திருந்த கம்ப்ரஸர் குழாயை மூணாம் துளையில் மாட்டிக் காற்றை அடைத்துவிட்டு, காற்று எந்த வழியாகத் தப்புகிறது என்று தேடினான். ஆயில் மூடியைத் திறந்து காது வைத்தான், அங்கே இல்லை, ஆக, ரிங் இல்லை. சைலன்சரில் காது வைத்தான், ஏர் ஃபில்டர் குழாயில் வைத்தான், இல்லை, ஆக, வால்வு இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான், தண்ணீர் கோயில் குளம் மாதிரி கிடந்தது, ஆக, ஹெட் கேஸ்கட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம், கம்ப்ரஸர் ஓடுகிற மட்டும், "ஆஆஆ" என்று ஒரே எழுத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, வழக்கமா ரிங்கு, வால்வு, கேஸ்கட்டு, இந்த மூணுல ஒண்ணுல போகும். உங்க வண்டிக்கு மாமா வழியாப் போகுது."

"எவ்வளவு நாளாகும்டா ரெடி பண்ண?"

"வண்டியவா, மாமாவையா?"

விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது, ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. ஏகாம்பரத்தின் மூச்சுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதில் அவர்களுக்கு நிம்மதி. சங்கம் கூடி, டீசல் சங்கத்துப் பொறுப்பு, பிக்கப் கேட்டுக்கு இடதுபுறம் நிற்க வேண்டும், தலைவர் துண்டை உதறும்போது தவமணி சாவியைத் திருப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பானட்டுக்குச் சந்தனம் வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து, முதலில் ஏகாம்பரத்தின் நெஞ்சிலும் பிறகு எஞ்சினிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, எஞ்சினுக்கு ஆயில் மாற்றும்படியும் ஏகாம்பரத்துக்குப் புகையைக் குறைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். நூல் மில்லில் நெஞ்சைத் தொலைத்த சிலர் சாலமனைத் தனியாகப் பிடித்து, "தம்பி, ரெண்டாவது சிலிண்டர் யாருக்காவது பேசியாச்சா?" என்று கேட்டார்கள். விவசாயிகள் தூரதூரத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு விலை கிடைத்தது. வியாபாரிகள் நஷ்டத்தைச் சென்னைக்கும் கொச்சிக்கும் தள்ளிவிட்டார்கள், அங்கே இருப்பவர்களுக்கு யார் மூச்சு தங்களைக் கொல்கிறது என்று தெரியாது.

தவமணிதான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். துண்டு விழுந்ததும் சாவி, துண்டு எழுந்ததும் சாவி. சீக்கிரம் அணைத்தால் விவசாயி முறைத்தான், தாமதித்தால் வியாபாரி முறைத்தான், இரண்டு பேரும் முறைத்த கையோடு முருங்கைக்காயும் அல்வாவும் கொண்டுவந்து சீட்டில் வைத்தார்கள். ஸ்டியரிங் கையில் இருந்தது, கிளட்ச் காலடியில் இருந்தது, எதிரே கம்பி கேட்டுக்கு அப்பால் தேன்பாறை மலை நீலமாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நகராத வண்டியை நாள் முழுக்க ஓட்டினாள்.

வெள்ளைப்பாறையிலிருந்து குப்பாயி போன் செய்தாள். மலைமேல் அந்த ஒரு பாறையில்தான் சிக்னல் கிடைக்கும், காற்று பாதியை வாங்கிக்கொள்ளும்.

"ஏத்தா தவமணி, பீன்ஸு முத்திப் போச்சு, மாட்டுக்குப் போட்டோம். பூண்டு மொளைக்குது. அரிசி தீந்துரும். நீ வருவியா, இல்ல நாங்க எறங்கிப் பொழப்பப் பாக்கவா?"

"வர்றேன் குப்பாயி."

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

வீட்டில் நிலைமை வேறு. எஞ்சின் அணைந்திருக்கும், ஆகவே ஏகாம்பரம் தன் சொந்த மூச்சில் இருப்பார், சோறு போடச் சொல்ல இரண்டு தவணை ஆகும். ஆனால் வீராப்புக்குக் குறைவில்லை.

"ஊர்ல... என்னமோ பேசுறானுக. வண்டி மூச்சுல... நான் பேசுறேனாம். என் மூச்சுலதான்... உன் வண்டியே ஓடுது, தெரிஞ்சுக்க."

"ஓடுதா? எங்க ஓடுது? கேட்டுக்குப் பக்கத்துல நிக்குது."

அவர் பதிலுக்கு மூச்சைச் சேர்ப்பதற்குள் அவள் தட்டைக் கழுவிவிட்டு வந்தாள்.

நாள் முழுக்க நின்ற எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு ஒன்று தெரியவந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு குவியலுக்கும் அடுத்த குவியலுக்கும் நடுவில், தலைவர் யாரோடோ தகராறில் இருக்க, ஏகாம்பரம் வெற்றிலை போடுவார். வாயில் எச்சில் நிறைந்து உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்டியின் ஆட்டம் நிற்கிறது, புகை அடங்குகிறது, நாலு சிலிண்டரும் ஒரு சோடி மாடு மாதிரி சேர்ந்து இழுக்கின்றன. அவர் துப்புகிறார். மறுபடி ஆட்டம்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவெளியில் சாலமனை வரவழைத்தாள். மூணாம் துளையில் கேஜ். பானட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு ஏகாம்பரம். தவமணி செல்ஃப் அடித்தாள். முள் எழுந்தது, மற்ற மூன்று சிலிண்டர்கள் காட்டுகிற இடத்துக்கே போனது.

"மாமா, துப்பிராதீங்க! அப்படியே இருங்க!"

ஏகாம்பரம் கண்ணை உருட்டி, தாங்க முடியாமல் துப்பினார். முள் விழுந்தது.

"மூக்கு வழியா வாங்குறது அவரு சொந்த மூச்சுக்கா, அதுல பிரச்சினை இல்ல" என்றான் சாலமன், தொழில்முறையாக. "வாய் வழியா வர்றதுதான் வண்டியோடது. வாய மூடினா எஞ்சின் புதுசு."

"கல்யாணமான நாள்ல இருந்து நானும் அதத்தான் சொல்றேன்" என்றாள் தவமணி.

சங்கத்துக்கு இந்தச் சேதி எட்டியதும் தலைவருக்குக் கவலை வந்தது. மூடினால் ஓடும் என்றால் ஒரு நாள் ஓடிவிடும். ஆகையால் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பிக்கப்பின் டயர்களைக் கழற்றி, செங்கல் மேடை கட்டி அதன்மேல் உட்காரவைத்து, தகரக் கொட்டகை போட்டு, நிரந்தரமாக்கிவிடுவது என்று ஏகமனதாக முடிவானது. தவமணிக்குச் சால்வை போர்த்துவதாகவும் முடிவானது.

"சால்வை எனக்கெதுக்குங்க? டயர விடுங்க" என்றாள் தலைவரிடம்.

"என்னம்மா நீ, புருஷன் மூச்சு. ஊருக்கே அன்னம். ஒரு மலைக்காக இப்படிப் பேசலாமா? மலை எங்க போயிரும்?"

"மலை போகாதுங்க. மேல இருக்கறவங்க போயிருவாங்க."

தலைவர் அதைக் குறித்துக்கொண்ட மாதிரி தலையாட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஏகாம்பரத்திடம் கேட்டாள். அவர் கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு எங்கூட வண்டியில வாங்க. மேல ஏறிட்டு வந்துரலாம். வேற ஒண்ணும் கேக்கல."

"நீ கேட்டதுலயே... இதான் பெருசு."

"வராட்டி எனக்கு வண்டி இல்ல. தெரியுதா?"

"தெரியுது." வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார். "அந்த மேடையில நின்னா... இளந்தாரியா இருக்கேன் புள்ள. வீட்டுக்கு வந்தா... பொணம். நீ என்ன... பண்ணச் சொல்ற?"

தவமணி அவர் காலைப் பிடித்துவிட்டு, விளக்கைக் குறைத்தாள்.

வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்தார், சிமென்ட் வந்தது, மேளம் வந்தது. நிரந்தரமாக்குகிற நாளிலும் ஏலம் நிற்கக் கூடாது என்பதால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்குவது எப்படி என்று சாலமனைக் கேட்டார்கள், அவன் தனக்கு வயிற்றுவலி என்று போய்விட்டான். தவமணி சீட்டிலேயே இருந்தாள். இறங்கச் சொன்னார்கள், சால்வையைப் போர்த்தினார்கள், போர்த்திக்கொண்டு அப்படியே இருந்தாள். பின்சக்கரத்துக்குக் கீழே கொத்தனார் ஜாக்கியை நகர்த்துகிற கரகர சத்தம் கேட்டது. உள்ளே ஏகாம்பரம் முருங்கைக்காய்க் குவியலை ஆகாயத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் வழக்கம்போல் புகைந்தது, ஆடியது, கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் ஆடியது, அவள் முழங்கால் ஆடியது.

எலுமிச்சம்பழம் நின்றது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தாள், சைலன்சரில் புகை இல்லை. ஆக்ஸிலேட்டரைத் தொட்டாள், வண்டி உறுமியது, கேட்டின் கம்பி அதிர்ந்தது. உள்ளே மார்க்கெட்டில் ஏலக் குரல் அறுந்தது, அப்புறம் "அண்ணே, என்னாச்சு?" "வாயத் தொறங்கண்ணே!" என்று பல குரல்கள், அதற்கு மேல் ராவுத்தரின் குரல், "எனக்கா விழுந்துச்சு? எனக்கேவா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏகாம்பரம் வந்தார். துண்டை வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார், கண் பிதுங்கியிருந்தது. தலைவர் முன்னால் போய் நின்று, "ஏகாம்பரம், ஒரே ஒரு வார்த்தை" என்று கெஞ்சினார். அவர் தலைவரைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தவமணி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். கொத்தனாரைப் பார்த்து, "அண்ணே, கால எடுத்துக்கங்க" என்றாள், கியரைப் போட்டாள், ஜாக்கி சாய்ந்தது, செங்கல் நொறுங்கியது. மேளக்காரர்கள், வண்டி கிளம்பும்போது வாசிக்க வேண்டும் என்பது பழக்கம் ஆகையால், வாசித்தார்கள்.

ரேஷன் கடை முக்கில் அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு மலையைப் பிடித்தாள். முதல் வளைவில் கியரை மாற்றினாள். இத்தனை வருஷத்தில் இந்த ஏற்றத்தில் பக்கத்துச் சீட்டில் ஆள் இருப்பது இதுதான் முதல் தடவை, அது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, தனியறையில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி. ஏகாம்பரம் ஒவ்வொரு வளைவிலும் சீட்டைப் பிடித்தார், எதிரே பாறை வந்தால் இல்லாத பிரேக்கை மிதித்தார், இடது பக்கம் பள்ளம் வந்தால் அவள் பக்கம் சாய்ந்தார், சொல்ல வேண்டிய புத்திமதிகள் எல்லாம் கன்னத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. "பஸ்ட் கியர் போடு" என்பது அவர் நெற்றியிலேயே எழுதியிருந்தது.

"போடுறேன், போடுறேன்" என்றாள்.

கழுதை திரும்பின வளைவில் வண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கியது. மரங்கள் விலகின. அவருடைய பக்கத்து ஜன்னலில், கீழே, சமவெளி முழுவதும் ஒரே விரிப்பாக விழுந்து கிடந்தது: வாய்க்கால்கள், தென்னந்தோப்புகள், இடது ஓரத்தில் உள்ளங்கையிலிருந்து சிந்திய அரிசி மாதிரி வேலஞ்சந்தை, அதற்குள் எங்கேயோ மார்க்கெட்டின் தகரக் கூரை மினுக்கென்று. வாழ்நாள் முழுக்க அதற்குள் நின்று கத்தியவர் அது இவ்வளவுதான் என்று முதல் தடவையாகப் பார்த்தார். "அடேயப்பா" என்ற வார்த்தை அவர் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருவதைத் தவமணி எஞ்சினில் கேட்டாள்; மூணாவது தடுமாறியது, வண்டி திணறியது, பின்சக்கரம் சரளையில் ஒரு முழம் வழுக்கியது, பின்னால் ஒன்றுமே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "முழுங்குங்க" என்றாள், மெதுவாக.

அவர் கண்ணை மூடி, துண்டோடு சேர்த்து முழுங்கினார். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. நாலு சிலிண்டரும் ஒன்றாக மூச்சுப் பிடித்தன, அந்த ஒரு வார்த்தையின் பலத்தில் பிக்கப் வளைவைச் சுற்றி ஏறியது.

வெள்ளைப்பாறையில் குப்பாயியும் மற்றவர்களும் பூண்டு மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒருத்தரும் ஓடி வரவில்லை. வரும் என்று சொன்ன வண்டி வந்திருக்கிறது, அதில் ஓட என்ன இருக்கிறது. குப்பாயி மட்டும் ஜன்னலுக்கு வந்து, வாயில் துண்டு வைத்திருந்த ஆளை எட்டிப் பார்த்தாள்.

"யாருத்தா இது, வாந்தியா?"

"என் வீட்டுக்காரரு."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. துண்டை எடுத்தால் போதும், ஏகாம்பரம் அந்த மலைக்கே கேட்கிற மாதிரி பொழுது சாய்கிற மட்டும் பேசலாம். பேசுவதற்கு இப்போது நிறைய இருந்தது. அவர் கையை நீட்டினார், தவமணியின் முழங்காலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். மலையின் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. அவர் துண்டை மடியில் வைத்து, தன்னுடைய சின்ன மூச்சைத் தேடிப் பிடித்தார்.

"நாளைக்கும்..." என்றார். இன்னொன்று பிடித்தார். "...வரலாமா?"

"வாய மூடிட்டு வர்றதுன்னா வாங்க" என்றாள் தவமணி.

அவர் தலையாட்டினார். அதற்கு மூச்சு தேவைப்படவில்லை.